மூக்கில் அடி, உள்ளே தேங்கிய இரத்தம்: என் அனுபவம்

கல்லடிக் கடற்கரையில் பந்து பட்டு மகனுக்கு மூக்கால் இரத்தம் வந்தது. தலையை முன்னால் குனிய வைத்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் அழுத்திப் பிடிக்க நின்றுவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவில்லை. ஆனால் மூக்கடைப்பு விடவில்லை. ஆவி பிடித்தோம், சொட்டு மருந்து விட்டோம், கூடிக்கொண்டே போனது.

அப்புறம் டோர்ச் அடித்துப் பார்த்தேன். நடுச்சுவரின் இரண்டு பக்கமும் செந்நீலமாக, மெதுமெதுவென்று ஒரு வீக்கம். வெளியே மூக்கு நேராகவே இருந்தது, அதனால்தான் இது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. சளி அடைப்பு சொட்டு மருந்துக்குச் சுருங்கும், இது சுருங்காது.

காது மூக்கு தொண்டை வைத்தியர் அன்றே கீறி இரத்தத்தை எடுத்து, பஞ்சு வைத்து அடைத்தார். விட்டிருந்தால் குருத்தெலும்பு இரத்தோட்டமின்றிச் செத்து, மூக்குத்தண்டே உட்கார்ந்துவிடுமாம். பஞ்சை எடுத்ததும் மகன் மூக்கால் மூச்சு விட்டான். அப்பாடா!