ஸ்கேலிங் செய்பவர்கள் காது விஷயத்தில் செய்யும் தவறுகள்

புதிதாக ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையைப் பெயர்த்தெடுப்பது) செய்ய வருபவர்களைப் பார்க்கிறேன். நாங்கள் பழகிய காலத்தில் அடித்த அதே கூத்து இன்னும் நடக்கிறது. தண்ணீர் இல்லாமல் கருவியை ஓட்டுவது, டிப்பின் (அதிரும் முனைத்துண்டின்) நுனியால் பல்லைக் குத்துவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, விடுங்கள்.

நோயாளியின் காதை அடைத்துவிட்டால் போதும் என்ற நினைப்பு

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். அல்ட்ராசோனிக் ஸ்கேலரின் டிப் பெரும்பாலும் நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் அதிர்கிறது. அந்த அதிர்வெண் நம் காதுக்கு எட்டாதுதான். ஆனால் பல்லில் உரசும்போது கேட்கக்கூடிய கீச்சொலியும் கூடவே பிறக்கிறது. அது பல், தாடை, மண்டை எலும்பு வழியாக நேரே உட்காதுக்குப் போய்விடும். அடைப்பான் தடுப்பது, வாயிலுள்ள நீரை உறிஞ்சும் சக்‌ஷன் இரைச்சல் மாதிரி காற்றில் வருவதை மட்டுமே. சந்தேகமென்றால் இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள்.

ஏற்கெனவே காது இரைச்சல் உள்ள ஒருவருக்கு ஒரு பயிற்சி மாணவர் அடைப்பானைக் கொடுத்தார். காதுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்ற தைரியத்தில் பவரையும் ஏற்றினார். மேல் கடைவாய்ப்பல்லுக்குப் போனதும் நோயாளியின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. நிறுத்தச் சொல்லி டிப்பைத் தேய்மான அட்டையில் வைத்துப் பார்த்தால், 2 மில்லிமீட்டர் போயிருந்தது. அந்த அளவு தேய்ந்தால் டிப்பின் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். காரை பெயராததால்தான் பவரை ஏற்றி அழுத்தியிருக்கிறார்! டிப்பை மாற்றி, பவரைக் குறைத்து, கடைவாய்ப்பற்களைக் கை ஸ்கேலரால் முடித்தோம். இருந்தும் அவருக்குச் சில நாள் இரைச்சல் கூடுதலாகவே இருந்ததாம். அடுத்த முறை அவர் வரவில்லை.

கேட்காமல் தொடங்குவது

"காதில் இரைச்சல் உண்டா?" ஒரே கேள்விதான்.

ஹியரிங் எய்டை அப்படியே விடுவது

அணைக்கவோ கழற்றவோ சொல்லுங்கள். காதருகே கை வந்தாலே அது வீல் என்று கத்தும். ஆனால் சொல்ல வேண்டியதையெல்லாம் முதலில் சொல்லிவிடுங்கள், வலித்தால் கையைத் தூக்குவது உட்பட. கழற்றிய பிறகு, மாஸ்க் போட்ட வாயால் நீங்கள் பேசுவது அவருக்கு எப்படிப் புரியும்?

பயமுறுத்துவது

இந்தச் சத்தத்தால் காது போய்விடும் என்று நோயாளியைப் பயமுறுத்தாதீர்கள். வேலையிடச் சத்தத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். நோயாளி நாற்காலியில் இருப்பது கொஞ்ச நேரம்தான். நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் நிற்பது நாம். அந்த அடைப்பானை நம் காதில் வைத்துக்கொண்டால் பிரயோஜனம் உண்டு.