மூக்கு ஸ்ப்ரேயா, மாத்திரையா? பருவ அலர்ஜிக்காரர்களுக்கு

மழை விட்டதும் காலி மனைகளில் பார்த்தீனியம் மண்டிப் பூத்துவிடும். பெங்களூரு, கோவைப் பக்கம் பலருக்கு அந்த மகரந்தம் ஆகாது. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல். மருந்துக்கடையில் “அலர்ஜிக்கு ஒண்ணு குடுங்க” என்றால் செட்டிரிசின் அட்டையை நீட்டுவார்கள். நல்ல மருந்துதான். ஆனால் மூக்கடைப்போடு போனவருக்கு அது பெரிதாக உதவாது.

படி 1: எது அதிகம் படுத்துகிறது?

தும்மல், நீராக ஒழுகுதல், கண் அரிப்பு, அதுவும் அவ்வப்போதுதான் என்றால் மாத்திரை போதும். இவற்றைத் தூண்டும், உடலே சுரக்கும் ஹிஸ்டமினை அது தடுக்கிறது. மூக்கடைப்பு வேறு கதை. உள்சவ்வு வீங்கியிருப்பதற்கு ஹிஸ்டமின் மட்டும் காரணமல்ல. அந்த அழற்சியைத் தணிப்பது ஸ்டீராய்டு ஸ்ப்ரே. காய்ச்சலோ, ஒரு பக்கம் மட்டும் அடைப்போ இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

படி 2: மாத்திரை என்றால்

செட்டிரிசின், லோரட்டடின் இரண்டும் பெரியவர்களுக்கு 10 மி.கி., நாளுக்கு ஒன்று. ஓரிரு மணி நேரத்தில் வேலை தெரியும். செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும், இரவில் போடலாம். வண்டி ஓட்டுபவருக்கு ஃபெக்சோஃபெனடின் தேவலாம். அதைத் தண்ணீரோடு மட்டும் விழுங்குங்கள், பழச்சாறு அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய மாத்திரைகள் ஆளைத் தூக்கத்தில் ஆழ்த்திவிடும். வயதானவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

படி 3: ஸ்ப்ரே என்றால், பெயரைப் படியுங்கள்

ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் என்றிருந்தால் ஸ்டீராய்டு. சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் என்றிருந்தால் அடைப்பு நீக்கி. இது சில நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும், அதனாலேயே ஆபத்து. மூன்று நாளுக்கு மேல் போனால், மருந்தை நிறுத்தியதும் முன்னைவிட மோசமாக அடைக்கும். ஆண்டுக்கணக்கில் இதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிபவர்கள் உண்டு!

படி 4: அடிக்கும் முறை

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். மூக்கைச் சிந்திக்கொள்ளுங்கள். பாட்டிலைக் குலுக்குங்கள், புதிது என்றால் பனிபோல் வரும்வரை காற்றில் அழுத்துங்கள். தலையை அண்ணாந்து வைக்காமல், லேசாக முன்னால் குனியுங்கள். வலக்கையால் இடது துவாரத்தில், இடக்கையால் வலது துவாரத்தில். முனை மூக்கின் நடுத்தண்டைப் பார்க்கக் கூடாது, அந்தப் பக்கத்துக் காதைப் பார்க்க வேண்டும். நடுத்தண்டிலேயே அடித்துக்கொண்டிருந்தால் எரிச்சலும் ரத்தக்கசிவும் வரும். அழுத்தும்போது மெதுவாக மூச்சை இழுத்தால் போதும். உறிஞ்சி இழுத்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

படி 5: பொறுமை

ஸ்டீராய்டு ஸ்ப்ரே முதல் நாளிலேயே கொஞ்சம் தெரியலாம்; முழுப் பலனுக்கு ஓரிரு வாரம் ஆகலாம். தினமும் அடிக்க வேண்டும். உங்கள் சீசன் தெரியுமென்றால் ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். ஸ்டீராய்டு என்ற பெயருக்குப் பயந்து விடுபவர்களுக்கு: அளவு சிறியது, ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு.

படி 6: இரண்டும் சேர்த்தா?

12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் பருவ அலர்ஜிக்கு, முதலில் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை மட்டும் தொடங்கலாம் என்கிறது 2017-இல் அமெரிக்க ஒவ்வாமை நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டுதல். மாத்திரையை உடன் சேர்ப்பதால் பெரிய லாபமில்லை. ஸ்ப்ரேயில் அடங்காதபோது ஹிஸ்டமினைத் தடுக்கும் இன்னொரு மூக்கு ஸ்ப்ரேயான அசெலாஸ்டினை டாக்டர் சேர்ப்பதுண்டு. வாயில் கசக்கும், தாங்கிக்கொள்ளலாம். குழந்தைகள், கர்ப்பிணிகள், கண் அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். மூச்சில் வீசிங் சத்தம் கேட்டால் உடனே டாக்டரிடம் போங்கள்.