பழைய டர்போ பாஸ்கல் நிரலை 64-பிட் கணினிக்குக் கொண்டுவர

64-பிட் விண்டோஸில் டாஸ் காலத்து நிரல் திறக்கவே திறக்காது. 16-பிட் நிரல்களை ஓட்டும் பகுதியே அதில் கிடையாது. எனவே முதலில் டாஸ்பாக்ஸ் எமுலேட்டரில் (பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்) நிரலை உள்ளபடி ஓட வையுங்கள். சோர்ஸ் கோடு கையில் இருந்தாலும் இதைச் செய்தே ஆகவேண்டும்; பிறகு ஒத்துப் பார்க்க வேறு ஆதாரம் இருக்காது. தரவுக் கோப்புகளின் நகலில் மட்டும் கை வையுங்கள்.

திறந்ததும் 'ரன்டைம் எரர் 200' என்று நின்றுவிட்டால், கோளாறு உங்கள் நிரலில் இல்லை, டர்போ பாஸ்கலோடு வரும் சிஆர்டி யூனிட்டில் (திரை, விசைப்பலகை வேலைகளுக்கான நூலகம்). 55 மில்லிசெகண்டில் ஒரு லூப் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து அது வேகத்தைக் கணிக்கிறது. விடை 65,535-க்குள் அடங்க வேண்டும். எண்ணிக்கை சுமார் 36 லட்சத்தைத் தாண்டினால் அடங்காது, பூஜ்யத்தால் வகுத்த பிழையாக வெளிப்படும். டாஸ்பாக்ஸில் சைக்கிள்ஸ் (எமுலேட்டரின் வேக அமைப்பு) 'மேக்ஸ்' என்றிருந்தால் 3000-க்கு இறக்குங்கள். மந்தமாக இருந்தால் 10000, 20000 என்று படிப்படியாக ஏற்றலாம்.

அடுத்து, ஃப்ரீ பாஸ்கல் என்ற இன்றைய பாஸ்கல் கம்பைலரில் மறுபடி கம்பைல் செய்யுங்கள். திரை நினைவகத்தில் நேரே எழுதும் வரிகள், வன்பொருளோடு நேரே பேசும் போர்ட், இன்டரப்ட் அழைப்புகளை மாற்றி எழுதத்தான் வேண்டும். அவற்றைப் பெரும்பாலும் கம்பைலரே காட்டிக் கொடுக்கும். அது காட்டாதது ரெக்கார்டின், அதாவது தரவுக் கோப்பில் உள்ள ஒரு பதிவின், அளவு. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

20 எழுத்துப் பெயர் (நீள பைட்டோடு 21), ஒரு ரியல், அதாவது தசம எண் (6), ஒரு இன்டிஜர், அதாவது முழு எண் (2) என்றால் பழைய ரெக்கார்டு 29 பைட். ஃப்ரீ பாஸ்கலில் ரியல் 8 பைட். அதன் டெல்ஃபி மோடில் (டெல்ஃபி மொழிக்கு ஒத்துப்போகும் அமைப்பு) இன்டிஜர் 4 பைட். 'பேக்டு' என்று எழுதாவிட்டால் இடையில் வெற்று பைட்டுகளும் புகுந்துகொள்ளும். கம்பைல் சுத்தமாக முடியும், முதல் பெயரும் சரியாகத் தெரியும், தொகை மட்டும் குப்பையாக வரும்.

ஆகவே பேக்டு ரெக்கார்டு, ஸ்மால்இன்ட் (2 பைட் முழு எண்), ரியல்48 (பழைய 6 பைட் ரியல்) என்று அறிவியுங்கள். கோப்பின் அளவு 29-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். ரியல்48-ஐ அப்படியே கணக்கில் சேர்க்க முடியாது. ரியல்2டபுள் ஃபங்ஷன் மூலம் டபுளாக (8 பைட் தசம எண்) மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் மாற்றுவதைவிட, எல்லாப் பதிவுகளையும் ஒரே தடவையில் டபுளாக்கிப் புதுக் கோப்பில் எழுதுவது நல்லது.

கடைசியாக, ஒரே அறிக்கையை இரண்டு பக்கமும் எடுத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பழைய ரியல் 11, 12 இலக்கம் வரைதான் துல்லியம், டபுள் 15 வரை போகும். அதனால் பெரிய கூட்டுத்தொகையில் கடைசி இலக்கம் நகரலாம். அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் ரெக்கார்டு அறிவிப்பைத் திரும்பப் பாருங்கள்.