சம்பூரைப் பாலைவனமாக்காதீர்கள்

திருகோணமலையில் புதிதாக எழுத வருகிறவர்களின் போர்க்கவிதைகளைப் படித்தால் ஒரு சந்தேகம் வரும். இவர்கள் ஊரைப் பார்த்து எழுதினார்களா, முன்பு வந்த கவிதைகளைப் பார்த்தா? கருகிய மண், வெடித்த நிலம், இலையில்லாத மரம் என்றே போகும். மூதூர்ப் பக்கத்துச் சம்பூரில் நடந்தது நேர்மாறு. 2006இல் சனம் இடம்பெயர்ந்த பிறகு ஆளில்லாத காணிகளில் பற்றைக்காடு மண்டியது. பல வருடம் கழித்துத் திரும்பியவர்கள் வளவின் எல்லையைக் கண்டுபிடிக்கவே காடு வெட்ட வேண்டியிருந்தது. அங்கே இழப்பின் நிறம் பச்சை. அதை விட்டுவிட்டுப் பாலையைக் கொண்டுவந்து ஏன் ஒட்ட வேண்டும்? கடற்கரைத் திணையான நெய்தலுக்கே இரங்கல்தான் உரிப்பொருள். சம்பூர்க் கடலான கொட்டியாரக் குடாவை எழுதுகிறவருக்கு அதுவே தாராளம்.

அடுத்தது, கடலில் மூழ்கும் இரத்தச் சூரியன். கிழக்குக்கரை நிலாவெளியில் நின்று பாருங்கள், சூரியன் கடலிலிருந்து எழும். மறைவது முதுகுப்பக்கம், தரையில். மேற்குக்கரைச் சினிமாவில் பார்த்த மாலையை இங்கே கொண்டுவந்தால் மீன்பிடிக்கிறவர் சிரிப்பார். காற்றும் அப்படித்தான். வடகிழக்கு வாடை மழையோடு வரும், தென்மேற்குக் கச்சான் வறட்சியோடு வரும். மார்கழிக் கவிதையில் கச்சான் வீசக்கூடாது.

நந்திக்கடலையும் முள்ளிவாய்க்காலையும் எல்லாக் கவிதையிலும் இழுத்துவிடுகிறார்கள். அவை முல்லைத்தீவு, 2009. மூதூர்ப் பக்கத்துச் சண்டை 2006 ஜூலையில் மாவிலாற்று மதகை மூடியதோடு மூண்டது. தண்ணீரை முன்வைத்து மூண்ட அந்தச் சண்டையில் வயல், வாய்க்கால், விதைப்பு எல்லாம் அகப்பட்டன. இவ்வளவு பொருள் கைக்கருகே கிடக்கும்போது ‘கந்தக வாசம்’ என்று எழுதுவது சோம்பேறித்தனம்தான். அந்த நீரை நம்பியிருந்த வயல்கள் ஓர் இனத்தவருடையவை மட்டுமல்ல. அடுத்த மாதம் மூதூர் முஸ்லிம்களும் ஊரைவிட்டு ஓடினார்கள். கவிதையில் ‘நாம்’ என்று எழுதுமுன் அதற்குள் யார் யார் என்று யோசியுங்கள்.

அப்புறம், ‘போருக்குப் பின்’ என்பதற்கு ஊருக்கு ஊர் வேறு வயது. திருகோணமலையின் வடக்கெல்லையிலுள்ள தென்னமரவாடிச் சனம் 1984இலேயே வெளியேறியது. அந்த ஊரைப் பற்றி எழுதும்போது பேரனுக்குப் பாட்டி காட்டும் நிலம் அவன் பிறந்த நிலம் இல்லை. ‘என் தாய்மண்ணை முத்தமிட்டேன்’ என்று அவன் வாயில் வைத்தால் பொருந்தாது. வளவு எது என்று அவன் கேட்கட்டும்.