வழக்கு வரும் வழி: மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகிச்சையில் பிழை நேர்ந்தால்தான் வழக்கு வரும் என்று நம்புவதே முதல் தவறு. நியூயார்க் மாநில மருத்துவமனைகளின் 1984-ஆம் ஆண்டுப் பதிவேடுகளை ஆராய்ந்த ஹார்வர்டு ஆய்வாளர்கள், கவனக்குறைவான சிகிச்சையால் பாதிக்கப்பட்டோரில் 2 விழுக்காட்டினர்கூட வழக்குத் தொடரவில்லை என்று கண்டனர். அப்படியானால் நோயாளியை வழக்கறிஞரிடம் அனுப்புவது எது?

நேரமில்லை என்று சொல்லி நோயாளியின் பேச்சை இடைமறிப்பது அடுத்த தவறு. ஆரிகன், கொலராடோ மாநிலங்களில் வெண்டி லெவின்சன் குழுவினர் நடத்தி 1997-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கே வராத பொதுநல மருத்துவர்கள் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 18.3 நிமிடமும், வழக்குகளைச் சந்தித்தவர்கள் 15 நிமிடமும் செலவிட்டிருந்தனர். அந்த மூன்று நிமிடத்தில் பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. "முதலில் பரிசோதித்துவிடுகிறேன், பிறகு உட்கார்ந்து பேசலாம்" என்று அடுத்து நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்வதும், "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதும், சேர்ந்து சிரிப்பதும்தான் வேறுபாடு. அறுவை மருத்துவர்களிடம் இந்த வேறுபாடு தென்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவர்களிடம் வேறொன்று தென்பட்டது. உளவியலாளர் நளினி அம்பாடியும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை மருத்துவர்களின் உரையாடலிலிருந்து பத்து விநாடித் துணுக்குகளை எடுத்து, சொற்கள் புரியாதபடி வடிகட்டி, தொனியை மட்டும் பிறரைக் கேட்கச் செய்தனர். அதிகாரத் தொனி மிகுந்தும் அக்கறை குறைந்தும் ஒலித்தவர்களே வழக்குகளைச் சந்தித்தவர்களாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. தொனிதான் வழக்கை உண்டாக்கியது என்று இது மெய்ப்பிக்கவில்லை. ஆனாலும் தன் குரல் எதிரிலிருப்பவர் காதில் எப்படி விழுகிறது என்று அறியாதிருப்பதை நான் சிறு குறையாகக் கருத மாட்டேன்.

எல்லாவற்றிலும் கொடியது, விபரீதம் நேர்ந்த பிறகு காக்கும் மௌனம். அறுவைக் கூடத்தின் வாசலில் காத்திருக்கும் மகள் எழுந்து வர, மருத்துவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கடந்து போகிறார் என்றால், அவர் எதையோ மறைக்கிறார் என்றே அவள் முடிவு செய்வாள். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001-இல் தொடங்கி, பிழையைத் தானே ஒப்புக்கொண்டு, விளக்கி, இழப்பீடும் வழங்கியது. அதற்குப் பின் ஒரு லட்சம் நோயாளிச் சந்திப்புகளுக்கு 2.13 ஆக இருந்த வழக்குகள் 0.75 ஆகக் குறைந்தன. "உங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்பது ஒப்புதல் ஆகாது. என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன செய்யப்போகிறோம் என்ற மூன்றையும் அந்த மகளின் எதிரில் உட்கார்ந்து மருத்துவரே சொல்ல வேண்டும்.