பழைய கார்ல பவர் கூடுச்சானு நாமளே அளந்து பாக்குறது எப்படி

ஏர் ஃபில்டர் மாத்துனேன், சைலன்ஸர் மாத்துனேன், இப்ப வண்டி அடிவாரத்துல இருந்து ஏற்காடு வரைக்கும் அசராம ஏறுதுனு சொல்ற ஆளு சேலத்துல தெருவுக்கு ஒருத்தர் இருக்காரு. அவர் பொய் சொல்றாருனு சொல்ல வரல. ஆனா அந்த இருபது கொண்டை ஊசியும் ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் கிடைக்காது, முன்னாடி ஒரு பஸ் மாட்டுனாலே கணக்கு காலி, அதுவும் போக புதுசா உறுமல் சத்தம் கேட்டா வேகமும் கூடிருச்சுனு காது நம்பிடும். நிஜமா எத்தனை எச்பி கூடுச்சுனு தெரியணும்னா அளந்துதான் ஆகணுங்க. ஒரு போன், எடை மேடைல ஒரு சீட்டு, நேரா ஒரு ரோடு இருந்தா போதும்.

மொதல்ல எவ்ளோ எதிர்பாக்கலாம்னு பாருங்க. எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்கு பதிலா இன்ஜெக்டர் வச்ச) மாருதி 800க்கு கம்பெனி சொன்னதே 37 எச்பி. சுத்தமா இருக்குற பேப்பர் ஃபில்டரை கழட்டிட்டு காட்டன் ஃபில்டர் போட்டு ரெண்டு சதவீதம் கூடுச்சுனே வைங்க, முக்கா எச்பி வரும், அவ்ளோதான். இப்ப மத்ததை பாருங்க. ஓட்டுறவரோட சேத்து 850 கிலோ பக்கம் வர்ற மாருதி ஜென் மாதிரி வண்டில 30 லிட்டர் பெட்ரோல் கூட இருந்தா 22 கிலோ, அதுவே ரெண்டரை சதவீதம். பக்கத்து சீட்ல ஒரு ஃப்ரெண்டு ஏறுனா எட்டு சதவீதம். ஜனவரி காலைல 22 டிகிரி, ஏப்ரல் மத்தியானம் 38 டிகிரி, காத்து லேசாகுறதுலயே கிட்டத்தட்ட மூணு சதவீதம் பவர் போயிடும். எல்லாத்துக்கும் மேல ரோடு. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏத்தம்னா கண்ணுக்கே தெரியாது, ஆனா 60ல போறப்ப அந்த ஏத்தம் மட்டுமே ரெண்டு எச்பி கிட்ட முழுங்கிடும். நம்மூரை சுத்தி சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலைனு எந்தப் பக்கம் திரும்புனாலும் மலை, தட்டையா தெரியுற ரோடு பாதி தட்டையே இல்ல. முக்கா எச்பிய தேடிட்டு போனவர் கடைசில ரோட்டோட சாய்வைத்தான் அளந்துட்டு வந்திருப்பாரு.

அதனால அளக்குறதுக்கு முன்னாடி வண்டிய ஒழுங்கான நிலைக்கு கொண்டு வந்துருங்க. பிளக், டேப்பெட் கேப் (வால்வுக்கு விடுற இடைவெளி), டைமிங் (பிளக் எந்த நேரத்துல தீப்பொறி விடுதுங்குறது), டயர்ல காத்து, எங்கயாவது பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுதானு எல்லாம் பாத்துட்டு அப்புறமா மொத ரன் எடுங்க. தேஞ்சு போன பிளக்கோட ஒரு தடவை அளந்துட்டு, அப்புறம் புது பிளக், புது ஃபில்டர், புது எக்ஸாஸ்ட் மூணையும் ஒரே நாள்ல மாட்டி நாலு எச்பி கூடுச்சுனு சொன்னா, அதுல பெரும்பங்கு கம்பெனி அன்னைக்கே குடுத்தது, நடுவுல தொலைஞ்சது திரும்பி வந்திருக்கு.

இதுல யாரும் பாக்காத ஒண்ணு ஆக்சிலேட்டர் கேபிள். இன்ஜினை ஆஃப் பண்ணி ஆற விட்டுட்டு, ஏர் ஃபில்டர் டப்பாவ கழட்டி வச்சுட்டு, ஒருத்தரை உள்ள உக்கார வச்சு பெடலை தரை வரைக்கும் மிதிக்க சொல்லுங்க. நீங்க கார்புரேட்டர் வாய்க்குள்ள டார்ச் அடிச்சு, மேல இருக்குற சோக் தகடை விரலால தள்ளி பிடிச்சுட்டு, கீழ த்ராட்டில் தகடு எப்படி நிக்குதுனு பாருங்க. அது செங்குத்தா நிக்கணும், மேல இருந்து பாத்தா மெல்லிசா ஒரு கோடு மாதிரிதான் தெரியணும். சாஞ்சு நின்னா கேபிள் தொங்கிருச்சுனு அர்த்தம், அட்ஜஸ்ட் நட்டை திருகி இழுத்து விடுங்க, ஆனா கால எடுத்ததும் தகடு முழுசா மூடுதானும் பாத்துக்கோங்க, அது ரொம்ப முக்கியம். சில வண்டில கேபிள் நல்லாத்தான் இருக்கும், கடைல போட்ட தடிமனான மேட்டு பெடலுக்கு அடில மடிஞ்சு கிடந்து முழு மிதி மிதிக்கவே விடாது. காசே செலவில்லாம கிடைக்குற பவர் இதுதான், ஆயிரக்கணக்குல குடுத்து ஃபில்டர் வாங்குறதுக்கு முன்னாடி இதை பாத்துருங்க.

இப்ப அளக்குற முறை. வண்டிய மொதல்ல எடை மேடைல ஏத்துங்க, லாரி எடை போடுற மேடை எங்க இருந்தாலும் சரி, ஓட்டுறவரோடயும் போன் பிடிக்க ஒருத்தரோடயும், ரன் எடுக்குறப்ப எப்படி இருக்குமோ அப்படியே. அதே ரெண்டு பேர்தான் கடைசி வரைக்கும் வரணும், பெட்ரோலும் அதே அளவு, முடிஞ்சா ஒரே பங்க்ல போட்டது. ரோடு ஒரு கிலோமீட்டராவது நேரா, நடுவுல கிராஸ் ரோடு, பஸ் ஸ்டாப், வீடு எதுவும் இல்லாம, ஞாயித்துக்கிழமை விடியற நேரத்துல காலியா கிடக்குற ரோடா இருக்கணும். ஒரு வண்டி கண்ணுல பட்டாலும் அந்த ரன்னை விட்ருங்க, ஆடு மாடு பத்தி நான் சொல்லணும்னு இல்ல. ஹைவேல லாரிக்கு நடுவுல இதை செய்யவே கூடாது, மலை ரோட்ல சுத்தமா கூடாது.

இருபது நிமிஷம் ஓட்டி இன்ஜினும் கியர் ஆயிலும் நல்லா சூடானதும், ஏசி ஆஃப், லைட் ஆஃப், கண்ணாடி ஏத்தி, மூணாவது கியர்ல 35 கிட்ட போய்ட்டு ஒரே மிதி. 40ல இருந்து 80 வர எத்தனை செகண்டுனு மட்டும்தான் நமக்கு வேணும். கியர் மாத்துற வேலை இல்லாததால கை சுறுசுறுப்பு, கிளட்ச் எதுவும் கணக்குல வராது. இதுல ஒரு சுலபமான வழி இருக்கு: 40-80க்கு மட்டும், எடையை நாலால வகுத்து அதை செகண்டால வகுத்தா எச்பி. 850 கிலோ, 10 செகண்டுன்னா 21 எச்பி சொச்சம். இது வண்டிய முன்னாடி தள்ளுனதுக்கு மட்டும் போன பவர், காத்தை கிழிக்கவும் டயர் உருளவும் போனது இதுல இல்ல. அதுக்கு அதே ரோட்ல 80க்கு மேல கொஞ்சம் போய் நியூட்ரல்ல விட்டு (சாவிய மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க, ஸ்டியரிங் லாக் விழுந்துடலாம்) 80ல இருந்து 40க்கு இறங்க எவ்ளோ நேரம் ஆகுதுனு பாருங்க. 50 செகண்டுன்னா அதே கணக்குப்படி நாலே கால் எச்பி. ரெண்டையும் கூட்டுனா வீல்ல கிடைக்குற சராசரி பவர் 25 சொச்சம். இந்த இறங்குற நேரம் போன மாசத்தை விட திடீர்னு குறைஞ்சிருந்தா இன்ஜினை திட்டாதீங்க, ஜாக்கி போட்டு வீலை கையால சுத்தி பாருங்க, பிரேக் காலிப்பர் பிடிச்சிருக்கலாம்.

ஒரே ரோட்ல போகவும் வரவும் ரெண்டு பக்கமும் எடுக்கணும், சாய்வும் காத்தும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சிரும். ஆனா செகண்டை கூட்டி சராசரி போடாதீங்க, ஒவ்வொண்ணையும் எச்பியா மாத்திட்டு அப்புறம் சராசரி எடுங்க, சாய்வு அதிகமா இருக்குற ரோட்ல ரெண்டும் வேற வேற விடை தரும்.

செகண்டை எப்படி எடுக்குறது? ஸ்டாப்வாட்ச் வேணாம். 10 செகண்டு 9.7 ஆனா முக்கா எச்பிக்கு கொஞ்சம் கம்மியா கூடிருக்கு, அந்த 0.3 செகண்டு விரல் அமுக்குற தாமதத்துலயே போயிடும். போன் ஜிபிஎஸ் பெரும்பாலும் செகண்டுக்கு ஒரு தடவைதான் வேகம் சொல்லும், அதுவும் பத்தாது. டேஷ்போர்டு மீட்டரை 60 ஃப்ரேம்ல வீடியோ எடுத்து, அப்புறமா ஃப்ரேம் ஃப்ரேமா நகத்தி முள்ளு கோட்டை தொடுற இடத்தை பாத்தா ஓரளவு நல்லா வரும். அதை விட எனக்கு பிடிச்சது சத்தத்தை ரெக்கார்டு பண்றது. நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வெடிக்கும், அப்ப 2400 ஆர்பிஎம்னா 80 ஹெர்ட்ஸ், 4500னா 150 ஹெர்ட்ஸ். ரெக்கார்டிங்கை கம்ப்யூட்டர்ல போட்டு ஸ்பெக்ட்ரோகிராம் (நேரம் போகப் போக சத்தத்தோட ஹெர்ட்ஸ் எப்படி மாறுதுனு காட்டுற படம்) பாத்தா ஒரு கோடு சாஞ்சு மேல ஏறுறது பளிச்சுனு தெரியும், 80ல இருந்து 150 போக எவ்ளோ நேரம்னு கோட்டுலயே அளந்துக்கலாம், ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வண்டிக்கு இது வரப்பிரசாதம். மூணு சிலிண்டர் 800க்கு ஆர்பிஎம்மை 40ஆல வகுக்கணும், 3000க்கு 75 ஹெர்ட்ஸ். ஒண்ணு, இந்த நாலால வகுக்குற கணக்கு 40-80 கிலோமீட்டருக்குத்தான், ஹெர்ட்ஸ்ல எடுத்தா அந்த ஆர்பிஎம்ல என்ன வேகம் வருதுனு பாத்து, மீட்டர்-செகண்டுக்கு மாத்தி, எடையில பாதியை ரெண்டு வேகத்தோட வர்க்க வித்தியாசத்தால பெருக்கி நேரத்தால வகுங்க, வாட்ல வரும், 746ஆல வகுத்தா எச்பி.

இனிமேதான் விஷயமே. எதையும் மாத்தாம மொதல்ல நாலஞ்சு ஜோடி ரன் எடுங்க. சும்மாவே 20.8, 21.5னு அங்கயும் இங்கயும் ஆடும். அந்த ஆட்டம் முக்கா எச்பினா, அதுக்குள்ள வர்ற எந்த முன்னேத்தத்தையும் நம்பக் கூடாது. அப்புறம் ஃபில்டரை மாத்தி எடுங்க. அப்புறம், இதைத்தான் யாரும் செய்ய மாட்டேங்குறாங்க, பழைய ஃபில்டரை திரும்ப மாட்டி இன்னொரு தடவை எடுங்க, எல்லாம் அதே காலைல, அதே ரோட்ல. பழசு மாட்டுனதும் நம்பர் பழைய இடத்துக்கே இறங்குனா கூடுனது நிஜம். இறங்கலைனா வெயில் ஏறிருக்கும், காத்து மாறிருக்கும், டயர் சூடாயிருக்கும், ஃபில்டருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. சைலன்ஸரை இப்படி கழட்டி மாட்ட முடியாதுதான், அதுக்கு வேற வேற நாள்ல கிட்டத்தட்ட ஒரே டெம்பரேச்சர்ல நிறைய ரன் எடுக்குறதை தவிர வழி இல்ல. டயர் சைஸ் மாத்துனா ஸ்பீடோமீட்டரே பொய் சொல்ல ஆரம்பிச்சிரும், அப்ப ஜிபிஎஸ்ஸை வச்சு மீட்டரை சரி பாக்காம பழைய நம்பரோட ஒப்பிடாதீங்க.

ஏற்காடு ரோடு எதுக்கும் ஆகாதானு கேட்டா, பவர் அளக்க ஆகாது. சேலம் 280 மீட்டர் உயரம் பக்கம், மேல 1500 மீட்டர், காத்தழுத்தம் 13, 14 சதவீதம் குறையும், குளிர் கொஞ்சத்தை திருப்பி குடுத்தாலும் மிச்சம் போனது போனதுதான், கார்புரேட்டர் வண்டில பெட்ரோல் வேற கூடுதலா போய் மந்தமாகும். ஆனா டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு கரண்ட்டை பிரிச்சு அனுப்புறது) திருப்பி டைமிங்கை முன்னாடி தள்ளிருந்தீங்கன்னா அதை சோதிக்க அதை விட நல்ல இடம் இல்ல. காத்து இன்னும் கனமா இருக்குற கீழ் வளைவுகள்ல, மூணாவது கியர்ல கம்மி ஆர்பிஎம்ல மிதிச்சுப் பாருங்க, டப்பால கோலி குண்டு உருட்டுற மாதிரி கேட்டா அது நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள்ள பெட்ரோல் கட்டுப்பாடு இல்லாம தானா வெடிக்குது, டைமிங்கை ரெண்டு டிகிரி பின்னாடி கொண்டு வந்துருங்க. ரோட்ல முக்கா எச்பி காட்டுதுனு அப்படியே விட்டா பிஸ்டன் ஓட்டையாகும்.

டைனோலயே (வீலை உருளை மேல ஓட விட்டு பவர் அளக்குற மெஷின்) பாத்துரலாம்னு கோயமுத்தூருக்கோ பெங்களூருக்கோ போறவங்க பழைய பார்ட்டை டிக்கில போட்டுட்டு போங்க, அங்கயே மாத்தி மாத்தி ஓட்ட சொல்லுங்க. போன வருஷம் வேற டைனோல எடுத்த பேப்பரோட இன்னைக்கு எடுத்ததை ஒப்பிட்டா வண்டிய விட மெஷின் வித்தியாசம்தான் பெருசா இருக்கும். கம்பெனி சொன்ன எச்பி இன்ஜின்ல அளந்தது, டைனோ காட்டுறது வீல்ல, நடுவுல கியர்பாக்ஸ் தின்னது போகத்தான் வரும், அதை பாத்து பயப்படாதீங்க. ஒரே கியர், ஒரே டயர் காத்து, ரெண்டு தடவையும் ஃபேன் ஓடணும், ஒவ்வொண்ணுக்கும் மூணு ரன்னாவது. பிரிண்ட் குடுக்குறப்ப வெயிலுக்கும் அழுத்தத்துக்கும் சரி பண்ண நம்பரோட கூட சரி பண்ணாத நம்பரையும், அன்னைக்கு அவங்க போட்ட டெம்பரேச்சரையும் சேத்து கேட்டு வாங்கிக்கோங்க, அந்த டெம்பரேச்சரை கையால டைப் பண்ற மெஷினும் இருக்கு, அதுல அஞ்சாறு டிகிரி கூட போட்டாலே அரை எச்பி பக்கம் ஏறிடும்.