ஆல்டர்னேட்டர் மாற்றிய இன்ஜினுக்கு பெல்ட் அளவு கண்டுபிடித்த விதம்

வேறு வண்டியின் ஆல்டர்னேட்டரை (பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) இன்ஜினில் பொருத்திவிட்டால், சேலத்தில் எந்த ஸ்பேர் கடையில் மாடல் பெயர் சொன்னாலும் சரியான பெல்ட் வராது. அளவுதான் சொல்ல வேண்டும். பெல்ட் முதுகில் உள்ள 6பிகே1080 என்ற எண்ணில் 6 என்பது ரிப்களின், அதாவது பெல்ட்டின் உள்பக்கம் நீளவாக்கில் ஓடும் வரிமேடுகளின், எண்ணிக்கை. பிகே என்பது 3.56 மி.மீ. இடைவெளி கொண்ட ரிப் வகை. 1080 என்பது நீளம், மி.மீ. கணக்கில்.

கயிறு சுற்றி அளப்பதை நான் நம்புவதில்லை. அது பள்ளத்தின் அடியில் இறங்கும், இழுத்தால் நீளும், அளவு தவறும். அதே ரிப் உள்ள பழைய பெல்ட்டை வெட்டி, எல்லாப் புல்லிகளிலும் (பெல்ட் ஓடும் சக்கரங்கள்) ஓடும் பாதையிலேயே சுற்றுங்கள். அதற்கு முன் ஆல்டர்னேட்டரை அதன் ஸ்லாட்டில் (போல்ட் நகரும் நீளத் துளை) மூன்றில் ஒரு பங்கு வெளியே தள்ளி போல்ட்டை இறுக்குங்கள். முழுக்க உள்ளே தள்ளினால்தான் புது பெல்ட் ஏறும். மீதி இடம் பின்னால் இறுக்குவதற்கு. பெல்ட் ஒன்றன்மேல் ஒன்று படும் இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, தட்டையாக விரித்து ஸ்டீல் டேப்பால் அளந்து, கிட்டத்தில் உள்ள அளவை வாங்குங்கள். சில மி.மீ. வித்தியாசத்தை ஸ்லாட் சரிக்கட்டும்.

வாட்டர் பம்ப் புல்லியில் பெல்ட்டின் எந்தப் பக்கம் படுகிறது என்று அவசியம் பாருங்கள். பக்கம் மாறினால் பம்ப் எதிர்த் திசையில் சுற்றும், இன்ஜின் கொதிக்கும்.

பெல்ட் கத்தினால் உடனே இறுக்காதீர்கள். அதிக இறுக்கம் பேரிங்கைத் தின்றுவிடும். முதலில் நேர்ப்பட்டை வைத்துப் புல்லிகள் ஒரே நேரில் உள்ளனவா பாருங்கள். 300 மி.மீ.க்கு 1 மி.மீ.க்கு மேல் விலகினால் வாஷர் வைத்துச் சரிசெய்வேன்.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏசி போட்டு ஏறிப் பார்த்த பிறகு, இன்ஜின் ஆறியதும் மறுபடி இறுக்கம் பாருங்கள்.